அக்கா இல்லை என்று சொன்னவள் எழுதுவது

அக்கா எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. இந்த மலரை வாங்கிப் புரட்டுகிற உறவுகளில் பெரும்பாலோர் அவரை இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங் நகரில் அறிந்தவர்கள். சாயத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கியோடு நின்றவர், சங்கக் கூட்டங்களில் எழுந்து எதிர்க்கேள்வி கேட்டவர், எவருக்கும் பயப்படாதவர் என்று பெயர் எடுத்தவர். நினைவு மலரில் குற்றங்குறை எழுதுவது எங்கள் வழக்கமல்ல. மலர்களை மட்டும் வாசித்தால் எங்கள் சமூகத்தில் கோபக்காரர் ஒருவர்கூடச் செத்ததில்லை என்றுதான் தோன்றும். அக்கா கோபக்காரர். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் இருபது வருடம் வேறொருவரிடம் போனது. அதற்குக் காரணம் நான். இந்த ஒரு பந்தியை எழுதுவதற்குள் நாலு தாளைக் கிழித்துவிட்டேன்.

அக்கா சுன்னாகத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். எங்கள் அப்பா செல்லத்துரை, கூட்டுறவுச் சங்கக் கிளையின் மனேஜர். ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட மனேஜர் வருகிறார் என்றுதான் சொல்லுவார்கள். அக்காவுக்கு ஐந்து வயதாயிருக்கையில் நான் பிறந்தேன். எனக்கு ஒன்பது வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பிறகு எனக்குத் தலை இழுத்துப் பின்னியதும், பள்ளிக்கூடம் அனுப்பியதும், நான் பெரியபிள்ளையானபோது பக்கத்தில் இருந்து விளக்கம் சொன்னதும் அக்காதான். எனக்கு ஒரு தாய் இரண்டாம் தரமும் கிடைத்தார் என்று சொன்னால் அது மிகையல்ல.

அக்காவுக்கு இரசாயனம் என்றால் உயிர். உயர்தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் நல்ல புள்ளிகள், இரண்டு முறையும் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. தரப்படுத்தல் என்றால் என்ன என்று மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எல்லோரும் எழுதுவது ஒரே பரீட்சைதான், ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்தால்தான் கதவு திறக்கும். அக்கா ஒரு ரியூட்டரியில் படிப்பித்துக்கொண்டே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விலாசங்களைத் தேடிப்பிடித்து எழுதினார். எல்லா இடத்திலிருந்தும் அச்சடித்த மறுப்பு வந்தது. ஒரே ஒரு இடத்திலிருந்து கைப்பட எழுதிய பதில் வந்தது.

அது அமெரிக்காவின் தெற்கே, பைன் மரக் காடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டினத்தில் இருந்த சிறிய அரச பல்கலைக்கழகம். இரசாயனப் பகுதியின் தலைவி எழுதியிருந்தார். உன் புள்ளிகளைப் பார்த்தேன், இவ்வளவு புள்ளியோடு உன்னை ஏன் வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்கமாட்டேன், எங்கள் பல்கலைக்கழகமே அப்படி வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான், கட்டணத்தை விட்டுத்தருகிறோம், வந்து படி என்று.

கூட வந்த விபரக் கொத்தில் படங்கள் இருந்தன. எல்லா முகமும் கறுப்பு முகம். அப்பா அதை ஒருமுறை பார்த்தார், பிறகு அம்மாவின் சேலைகளுக்கு அடியில் வைத்து அலுமாரியைப் பூட்டினார். கேட்டவர்களுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் புல்லில் இருந்து படிக்கிற படமாக இருந்தால் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்போம். கலியாணப் பேச்சில் பெண்ணின் நிறத்தைப் பற்றி எத்தனையாவது கேள்வி வரும் என்று உங்களுக்குத் தெரியும். வெயிலில் நிற்காதே, கறுத்துப்போவாய் என்று திட்டு வாங்கி வளர்ந்த அக்காவைக் கூப்பிட்டுப் படிப்பித்தவர்கள் அந்தக் கறுப்பு மக்கள்தான். பின்னாளில் ஹேர்னிங்கிலும் உங்களில் சிலர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, அது கறுப்பர்களின் யூனிவர்சிற்றியோ என்று கேட்டீர்கள். ஓம், அதுதான். அங்கே படித்ததைப்போல ஒரு பெருமை அக்காவுக்கு வேறு எதிலும் இருக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் முடிந்த கையோடு அக்கா புறப்படவேண்டியிருந்தது. பொட்டை அழித்து, தோட்டைக் கழற்றி, தமிழில் ஒரு வார்த்தை பேசாமல் அப்பாவோடு கொழும்புக்கு ரயிலேறினார். பிளேன் ஏறிவிட்டார் என்ற தந்தி வரும்வரை நான் சாப்பிடவில்லை. அன்று தொடங்கிய பயம் எங்கள் வீட்டில் மூன்று வருடம் தங்கியது.

அங்கிருந்து அக்கா எழுதிய கடிதங்களை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எங்கள் மகளிர் கல்லூரியைவிடக் கொஞ்சந்தான் பெரிது என்று எழுதினார். ஆய்வுகூடத்தில் இருந்த தராசு வேறொரு பெரிய பல்கலைக்கழகம் கழித்துவிட்ட பழையது. குழாய்களை இறப்பர் வளையத்தால் கட்டித்தான் வேலை செய்யவேண்டும். ஆனால் ஒரு வகுப்புக்கு வராவிட்டால் அந்தத் தலைவி, வயதான அம்மா, தானே விடுதிக் கதவைத் தட்டி என்ன நடந்தது என்று கேட்பாராம். பெயிலானவனை விட்டுவிடுகிற பழக்கம் அங்கே கிடையாது. திரும்பத் திரும்ப இருத்தி வைத்துப் படிப்பிப்பார்கள்.

அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போன விசயம் ஒன்று இருந்தது. அங்கே ஆசிரியர்கள் எந்த மாணவியையும் முதற்பெயரால் கூப்பிடமாட்டார்கள். மிஸ் என்று சொல்லிக் குடும்பப் பெயரைச் சொல்லுவார்கள். வெளியே வெள்ளைக்காரர்கள் எங்கள் தாய் தகப்பனையே பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார்கள், அதனால் இந்தப் பல்கலைக்கழக வளவுக்குள் எல்லோருக்கும் மரியாதை உண்டு என்று அந்தத் தலைவி விளங்கப்படுத்தினாராம். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். தகப்பன் பெயர்தான் பாஸ்போட்டில் இருக்கும். அதனால் காலையிலிருந்து பின்னேரம்வரை அந்த வளவு முழுக்க அக்கா மிஸ் செல்லத்துரை. அப்பாவின் பெயரை ஒருநாளைக்கு இருபது தரமாவது கேட்கிறேன், ஊரில் இருப்பதுபோலவே இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

பயமும் அங்கே இருந்தது. அக்காவின் அறைத்தோழி டெலோரிஸ், பக்கத்து மாவட்டத்துப் பிள்ளை, தாயார் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போய்த் திரும்பி வருகையில் ஒரு பிக்கப் வாகனம் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்து வந்ததாம். உள்ளே இருந்த ஆண்கள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். டெலோரிஸ் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்து, பார்க்காதே, ஓடாதே, நடையை மாற்றாதே என்று வாய் அசையாமல் சொன்னார். வாகனம் வளவு வாசல்வரை வந்து திரும்பிப் போனது. அறைக்கு வந்ததும் அந்தப் பிள்ளை கதவைப் பூட்டிவிட்டு, எனக்குப் பயமாயிருந்தது என்று அக்காவிடம் சொன்னார். அந்தக் கடிதத்தில் அக்கா இப்படி எழுதியிருந்தார்: "இங்க பயப்படுறதுக்கு ஒருத்தரும் வெக்கப்படுறேல்லை. எந்த றோட்டால போகக்கூடாது, எந்தப் பெற்றோல் ஷெட்டில நிப்பாட்டக்கூடாது எண்டு பெரியாக்கள் பாடமாச் சொல்லிக் குடுக்கினம். ஆமி லொறி எங்க நிக்குது எண்டு நாங்கள் விசாரிச்சுப் போறமாதிரித்தான். இந்தச் சனத்துக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

எண்பத்தைந்தில் ஊரில் இருக்க முடியாமல் போயிற்று. சங்கத்திலிருந்து வரும் வழியில் அப்பாவை ஆமி பிடித்து ஒரு பகல் முழுக்க வெயிலில் முழங்காலில் இருத்தி வைத்தது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு இரத்த அழுத்தம், எனக்கு வாசலில் நாய் குரைத்தாலே நடுக்கம். காணியை விற்று, கிழக்கு பேர்லின்வரை பிளேனிலும், அங்கிருந்து ரயிலிலும் கப்பலிலும் வந்து டென்மார்க்கின் கெட்ஸர் துறைமுகத்தில் இறங்கினோம். ஒரு பழைய கட்டடத்தில் அகதி முகாம். ஒருநாள் பின்னேரம் சில இளைஞர்கள் வாசலில் நின்று கத்தினார்கள். ஒரு கல் வந்து சாப்பாட்டு அறை யன்னலை உடைத்தது. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிய டெனிஷ்காரப் பெண் எங்களிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் எங்கே போவது என்ற ஒரே நினைப்புத்தான்.

முகாமில் குணம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். எங்களுக்கு ஆறு மாதம் முந்தி வந்தவர், அதனால் சட்டம் முழுக்கத் தெரிந்தவர். பொலிஸ் விசாரணையில் என்ன சொல்லவேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று அவர்தான் எல்லோருக்கும் பாடம் நடத்துவார். அப்பாவிடமும் வந்து, பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது என்று வாய் திறந்தால் அங்கே போங்கோ என்று அனுப்பிவிடுவார்கள், வெளிநாட்டில் ஒருத்தரும் இல்லை என்று சொல்லுங்கோ என்றார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"பெத்த பிள்ளையை இல்லையெண்டு சொல்ல என்ரை நாக்கு வளையாது தம்பி," என்றார்.

இதை எல்லோரும் கவனமாக வாசியுங்கள். பெற்ற மகளை இல்லையென்று பொலிசில் சொன்ன மனுசன் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் அதே அப்பாதான் இதைச் சொன்னார்.

விசாரணை நாளன்று அப்பாவுக்குத் தலைசுற்று. அவரை வெளியே வாங்கில் இருத்திவிட்டு என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஒரு அதிகாரி, ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர், ஒரு தட்டச்சு இயந்திரம். அதிகாரி ஒருபோதும் குரலை உயர்த்தவில்லை. கோப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். ஆனால் அவருடைய சேர்ட் தோளில் ஆமிக்காரருக்கு இருப்பதுபோலப் பட்டி இருந்தது. எனக்கு அது போதும். பெயர், ஊர், தாய், தகப்பன் என்று வந்து, சகோதரங்கள் என்று கேட்டார்கள்.

"இல்லை," என்றேன்.

ஒருத்தரும் இல்லையா என்று மொழிபெயர்ப்பாளர் மறுபடி கேட்டார். ஒருத்தரும் இல்லை, நான் தனிப்பிள்ளை என்றேன். எனக்கு அப்போது இருபது வயது. குழந்தை என்று எவரும் சாட்டுச் சொல்ல வேண்டாம். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பயம் சொன்னது, நான் சொன்னேன்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுதிவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் உண்மையைச் சொன்னால் நான் பொய்க்காரியாகிவிடுவேன், என் விண்ணப்பம் போய்விடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தனக்கு ஒரே ஒரு மகள்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். ஆயுசில் ஒரு அவுன்ஸ் சீனி குறைத்து நிறுக்காத மனுசன்.

நான் அதோடு நிற்கவில்லை. அன்று பின்னேரமே அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். முகாமில் கடிதங்களைப் பார்ப்பார்களோ என்ற பயம். அப்படி யாரும் பார்த்ததாக எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா விசாரணையில் நீங்கள் இல்லையென்று சொல்லிவிட்டார், இனி எழுதும்போது அப்பா என்றோ தங்கச்சி என்றோ எழுதவேண்டாம், மனேஜர் என்று எழுதுங்கோ, கீழே பெயர் போடவேண்டாம் என்று எழுதினேன். நான் சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை. அக்காவின் கோபத்தை எனக்குத் தெரியும். உலகத்தில் எனக்கு இருந்த தாய் அவர் ஒருவர்தான். அவரையும் இழந்துவிடுவேன் என்ற பயம், நாடுகடத்தலைவிடப் பெரிய பயமாக இருந்தது.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. மதிப்புக்குரிய மனேஜர் அவர்களுக்கு என்று தொடங்கி, அலுவலகக் கடிதம்போல நாலு வரி. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் சொன்னதாக நான் எழுதிவிட்டேன் என்று விளங்கிக்கொண்டார். நான் அழத் தொடங்கினேன். அக்காவுக்கு இப்போதே எழுதி உண்மையைச் சொல்லுகிறேன் என்றேன்.

"அவ என்னோட கோவிச்சா நான் தாங்குவன். உன்னோட கோவிச்சா நீ தாங்கமாட்டாய். விடு பிள்ளை," என்றார் அப்பா.

நான் விட்டுவிட்டேன். எவ்வளவு சுகமாக விட்டேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்த மாரி முழுக்க மனேஜருக்குக் கடிதங்கள் வந்தன. படிப்பைப் பற்றி மட்டும் இருக்கும். இன்ன பரிசோதனை செய்தேன், இன்ன பாடத்தில் இவ்வளவு எடுத்தேன். தவணை முடிவில் பெறுபேற்றுத் தாள் ஒன்றையும் வைத்திருப்பார். எல்லாவற்றையும் எரித்துவிடும்படி அப்பாவிடம் சொன்னேன். கடிதங்களை எரித்தார். பெறுபேற்றுத் தாள்களை எரிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எண்பத்தாறு வசந்தத்தில் அக்கா ஒரு அனுமதி கேட்டு எழுதினார். அந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழாவின் நிகழ்ச்சித் தாளில் மாணவியின் பெயரோடு தாய் தகப்பன் பெயரையும் அச்சிடுவார்கள். பெயரை வாசிக்கும்போது பெற்றோரும் எழுந்து நிற்க, சனம் முழுக்கக் கைதட்டி ஆர்ப்பரிக்குமாம். எத்தனையோ தலைமுறையாகப் படிக்க விடப்படாத குடும்பங்கள், அதனால் பட்டம் பிள்ளைக்கு மட்டும் என்று அங்கே ஒருவரும் நினைப்பதில்லை. மனேஜரின் பெயரை அச்சிடலாமா என்று கேட்டிருந்தார்.

அப்பா போடச் சொல்லி எழுது என்றார். எங்கள் விண்ணப்பத்துக்கு முடிவு வரவிருந்த கிழமைகள் அவை. அமெரிக்காவில் ஒரு மூலையில் அச்சடித்த தாள் டென்மார்க் பொலிசின் மேசைக்கு எப்படி வரும் என்று யோசிக்கிற மூளை அப்போது எனக்கு இருக்கவில்லை. வேண்டாம், அப்பா பயப்படுகிறார் என்று எழுதி அனுப்பினேன். அப்பாவுக்குத் தெரியாமல் நான் எழுதிய இரண்டாவது பொய் அது. விழாவில் அக்காவின் பெயரை வாசித்தபோது டெலோரிஸின் தாயார் எழுந்து நின்றாராம். யாரோ ஒருவர் நிற்கத்தானே வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாராம்.

எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்து ஹேர்னிங்கில் வீடும் தந்தார்கள். ஆடி மாதம் அக்கா ரெலிபோன் எடுத்தார். படிப்பு முடிந்துவிட்டது, அந்தச் சின்னப் பட்டினத்தில் வேலை கிடைக்கவில்லை, விசா ஆவணி மாதத்தோடு முடிகிறது. ஒன்று கொழும்புக்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் டென்மார்க்குக்கு வந்து அகதியாகப் பதியவேண்டும். கொழும்பு விமான நிலையத்தில் தனியாக இறங்குகிற தமிழ்ப் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். டென்மார்க்கிலும் சட்டம் இறுகப்போகிறது என்று கதை அடிபட்டது.

அப்பா ரெலிபோனைக் காதில் வைத்திருக்க, நானும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மனேஜர், எயாப்போட்டில ஆரிட்டை வந்தனீ எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார் அக்கா.

அப்பா ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்தார். "அப்பாட்டை வந்தனான் எண்டு சொல்லு," என்றார்.

அப்படியானால் அக்கா வருமுன் நாங்கள் பொலிசுக்குப் போய்ப் பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளவேண்டும். செய்தி அறிந்து குணம் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கும் ஹேர்னிங்கில்தான் வீடு கொடுத்திருந்தார்கள். உங்கள் விசா மட்டுமல்ல, எங்கள் எல்லோருடைய கோப்பையும் திரும்பக் கிளறுவார்கள், ஊர்ச்சனத்தின் வாயில் மண்ணைப் போடாதேயுங்கோ என்று கும்பிட்டார். நானும் அப்பாவின் காலைப் பிடித்தேன். போகவேண்டாம் அப்பா, அக்கா வேறு ஏதும் நாட்டுக்குப் போகட்டும் என்றேன். அக்காவைப் பிடித்துக்கொண்டு போவார்களே என்ற பயத்தைவிட, என்னை அனுப்பிவிடுவார்களே என்ற பயம்தான் என்னிடம் பெரிதாக இருந்தது. அப்பா காலை உதறவில்லை. குனிந்து என் கையை ஒவ்வொரு விரலாக விடுவித்துவிட்டு, சப்பாத்தைப் போட்டார்.

தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். பொலிஸ் நிலையத்தில் ஒரு அறை, மறுபடி ஒரு அதிகாரி, மறுபடி ஒரு மொழிபெயர்ப்பாளர். அப்பா சொல்லி முடித்ததும் அதிகாரி கோப்பைத் திறந்து பழைய வாக்குமூலங்களைப் பார்த்தார். மகள்தான் முதலில் சொல்லியிருக்கிறார், சகோதரங்கள் இல்லை என்று, பிறகுதான் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன்.

"பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. நான் சொல்லிக்குடுத்ததைத்தான் அவ சொன்னவ," என்றார் அப்பா.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூத்த மகள் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று அதிகாரி கேட்டார். பிறப்புச் சான்றிதழ் சுன்னாகத்தில். அப்பா கோட்டைக் கழற்றி, உட்பையைக் கிழித்துத் தைத்திருந்த இடத்தைப் பிரித்து, எட்டாக மடித்த தாள்களை எடுத்தார். முகாமிலிருந்து அவர் எரிக்காமல் வைத்திருந்த பெறுபேற்றுத் தாள்கள். மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை, கீழே மிஸ் செல்லத்துரை. அதிகாரி ஒரு விரலை அந்தப் பெயரிலும் மறு விரலை அப்பாவின் அட்டையிலும் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு புள்ளிகளை வாசித்தார். இரசாயனத்தில் கெட்டிக்காரி என்று சொன்னார். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்.

"பயம்," என்றார் அப்பா. அதிகாரி அதையும் தட்டச்சில் ஏற்றினார்.

முடிவு மேலிடத்திலிருந்து வரும் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு வந்த கிழமைகளில் தபால்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் யன்னல் திரைக்குப் பின்னால் போய் நிற்பேன். கடைசியில் வந்த கடிதம் இரண்டே வரி. திருத்திய வாக்குமூலம் கோப்பில் சேர்க்கப்பட்டது, அனுமதியில் மாற்றமில்லை. அதை வாசித்துத் தந்த, டெனிஷ் மொழி படிப்பிக்கிற ஸ்ப்ரோஸ்கூல ஆசிரியையைக் கட்டிப்பிடித்து அழுதேன். குணம் அண்ணையின் கோப்பையும் எவரும் கிளறவில்லை.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் காத்திருந்தோம். அக்கா ஒரு பொலிஸ்காரியோடு வெளியே வந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு என் தலையை முகர்ந்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "சுகமா இருக்கிறியளோ மனேஜர்?" என்றார்.

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா.

அன்றிலிருந்து அப்பா கண்மூடும்வரை, இருபது வருடம், அக்கா அவரை மனேஜர் என்றுதான் கூப்பிட்டார். நீங்கள் அதைச் செல்லம் என்று நினைத்துச் சிரித்தீர்கள். சில பிள்ளைகள் தாங்களும் மனேஜர் தாத்தா என்று கூப்பிட்டார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் ஓம் என்று திரும்பிப் பார்த்தார். மருந்து கொடுப்பதிலோ சாப்பாடு போடுவதிலோ அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. விசாரணைக் கதை குணம் அண்ணையின் வாய்வழியாக வெளியே போய், அப்பாவைப் பற்றிய பேச்சாக ஊரில் நின்றது. அப்பா மறுக்கவில்லை. நான் ஒவ்வொரு வருடமும் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்து ஒவ்வொரு வருடமும் பயந்தேன்.

அக்காவின் மற்ற வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் பட்டத்தை இங்கே முதலில் ஒருவரும் கணக்கிலெடுக்கவில்லை. சாயத் தொழிற்சாலையில் பெட்டி தூக்கத் தொடங்கி, நாலு வருடத்தில் அதே தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்குள் நடந்து போனார். கலியாணம் வேண்டாம் என்றார். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதமும் இரசாயனமும் சொல்லிக்கொடுத்தார். ஆறு வயதுக் குழந்தையையும் மிஸ், மிஸ்ரர் என்று தகப்பன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பிள்ளைகள் டெனிஷில் பதில் சொல்லிச் சிரிக்கும். ஆனால் நிமிர்ந்து உட்காரும். வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டிய கதை இங்கே பலருக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு வைத்தியர்கள் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்ன பிறகு, ஒரு காலையில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சொன்னவள் நான் என்பதையும், கடிதத்தில் எழுதிய பொய்யையும், பட்டமளிப்புத் தாளுக்கு அப்பா சம்மதித்ததையும் மறைக்காமல் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார்.

"அப்பாட்டை நான் மன்னிப்புக் கேக்கிறதுக்கு இருந்த இருபது வருசத்தையும் நீ எடுத்துப்போட்டாய்," என்றார்.

அப்பா என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தாதி சாப்பாடு தந்தால் சாப்பிட்டார், நான் தந்தால் வாயைத் திருப்பிக்கொண்டார். நான் இத்தனை வருடமாகப் பயந்தது நடந்தேவிட்டது. ஆனாலும் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. மூன்றாம் நாள் தானாகப் பேசினார். எனக்கு மலர் அடிப்பீர்கள்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். அதில் இதை எழுது, உன் பெயர் போட்டு எழுது, அப்பாவை இனி ஒருவரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றார்.

எனக்குப் பயமாயிருக்கிறது அக்கா என்றேன்.

"பயந்துகொண்டே எழுது," என்றார். பிறகு தலையணையைச் சரிசெய்யச் சொன்னார். அடுத்த கிழமை போய்விட்டார்.

அக்காவின் கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் கவனித்த தாதிமாருக்கும், சோறும் சொதியும் கொண்டு வைத்தியசாலைக்கு வந்த ஹேர்னிங் உறவுகளுக்கும், ஸ்கீவவிலிருந்தும் ஹ்விடோவ்ரேயிலிருந்தும் வந்து இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்தவர்களுக்கும், இன்று இந்தத் திவசத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் என் நன்றி. தொலைபேசியில் அழுதுகொண்டே அக்காவைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்த டெலோரிஸ் அவர்களுக்கும், எங்கள் அப்பாவின் இடத்தில் எழுந்து நின்ற அவருடைய காலஞ்சென்ற தாயாருக்கும் நன்றி. எங்கள் பிள்ளையை வெளியே நிறுத்தாத அந்தச் சிறிய பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

அடுத்த பக்கத்தில் அப்பாவின் படத்தையும் போட்டிருக்கிறோம். இதை வாசித்து உங்களுக்கு வருகிற கோபத்தை அந்தப் படத்தைத் தாண்டி என்னிடம் கொண்டுவாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

தங்கை
புனிதவதி செல்லத்துரை
ஹேர்னிங்